கேமரா கிளப்பில் இருபது பேர், ஊர் ஒன்று: எப்படிப் பிரித்துக்கொண்டு படமெடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கிளப்பில் இருபது பேர் இருக்கிறீர்கள். ஓராண்டு முழுக்க சொந்த ஊரையே படமெடுத்து, முடிவில் கண்காட்சி வைப்பதாகத் திட்டம். இரண்டு மாதம் ஓடிவிட்டது. வந்த படங்களில் பாதிக்கு மேல் அதே பாலம், அதே நீர்நிலை, அதே அந்திவானம். மாதம் ஒரு தலைப்பு கொடுத்தும் பலனில்லை. நல்ல தலைப்புகள் இருந்தால் சொல்லுங்கள் என்கிறீர்கள். தலைப்புப் பட்டியல் தருவது எளிது, ஆனால் அது உங்களுக்கு உதவாது. இருபது பேரின் தனித்தனிக் கண்களை ஒரே வேலைக்குள் கொண்டுவருவது எப்படி என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: ஊரில் எடுத்த நல்ல படங்கள் வேண்டுமா, ஊரின் பதிவு வேண்டுமா? இரண்டும் ஒன்றையொன்று தொடும், ஆனால் வேலைமுறை வேறு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பதிவுதான் உங்கள் ஆசை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

படங்கள் ஒன்றுபோல வருவதற்கு உறுப்பினர்களின் சோம்பல் காரணமல்ல, பழக்கம்தான் காரணம். கிளப் போட்டியில் ஒரு படம் திரையில் சில விநாடிகள்தான் நிற்கும். அதற்குள் பார்ப்பவரைப் பிடிக்க ஒற்றைப் பொருளும் வலுவான வெளிச்சமும் சுத்தமான பின்னணியும் வேண்டும். ஒரு சாதாரணத் தெருவில் இந்த மூன்றும் கிடையாது. அதனால் பயிற்சி பெற்ற கண் தானாகவே அவை கிடைக்கும் இடத்துக்கு, அதாவது பாலத்துக்கும் தண்ணீருக்கும் போய்விடுகிறது. ‘கதவுகள்’ என்று தலைப்பு கொடுத்தால் இருபது கதவுகள் வரும், அவற்றுள் ஒன்றைக்கூட எந்த ஊர்க் கதவு என்று சொல்ல முடியாதபடி வரும். தலைப்பு பொருளைக் கட்டுப்படுத்துகிறதே தவிர இடத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே முதல் யோசனை: இந்தத் திட்டத்துக்கு மட்டுமாவது மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். இரண்டாவது: தலைப்பை விட்டுவிட்டு இடத்தைப் பிரித்துக் கொடுங்கள்.

இது புது யோசனை அல்ல. 1875-ல் லண்டனில் ஒரு பழைய சத்திரம் இடிபடப் போகிறது என்று தெரிந்ததும், மறையப்போகும் கட்டடங்களைப் படமெடுக்க ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. 1886 வரை 120 படங்களை அது வெளியிட்டது. கிளப்புகளுக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கிறது. ஜெரோம் ஹாரிசன் என்பவர் 1889-ல் அங்குள்ள புகைப்படச் சங்கத்தின் முன், உறுப்பினர்கள் சேர்ந்து தங்கள் மாவட்டத்தை முறையாகப் படமெடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்த மாவட்டத்தின் பெயரிலேயே வார்விக்ஷயர் புகைப்பட ஆய்வு அப்படித்தான் பிறந்தது. பின்னர் பெஞ்சமின் ஸ்டோன் என்ற புகைப்படக்காரர் 1897-ல் அதே எண்ணத்தை இங்கிலாந்து முழுவதற்கும் விரித்தார், 1910 வரை அது நடந்தது. இவர்கள் எல்லாரும் வற்புறுத்தியவை இரண்டு: படம் மங்காத அச்சுமுறையில் இருக்க வேண்டும், எது எங்கே என்று தெரிய வேண்டும். இன்று அந்தப் படங்களைத் தேடி வருபவர்கள் அழகுக்காக வருவதில்லை. ஒரு சுவரில் ஒட்டியிருந்த விளம்பரம், தெருவோரத்து விளக்குக் கம்பம், அடுத்த வீட்டுக் கூரை என்று, எடுத்தவர் கவனிக்காமலே ஃப்ரேமுக்குள் வந்துவிட்ட விஷயங்களுக்காக வருகிறார்கள்.

பிரிப்பது எப்படி என்றால், ஊரின் வரைபடத்தை அச்செடுத்து 250 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகக் கோடு போடுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் உள்ள ஊர் 64 கட்டங்களாகும். இருபது பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் பத்து ஜோடிகள், ஜோடிக்கு ஆறு அல்லது ஏழு கட்டங்கள். மாதம் ஒரு கட்டம் என்றால்கூட ஏழு மாதத்தில் ஒரு சுற்று முடியும், உங்களுக்கு மீதமிருப்பது பத்து மாதம். இடம் பெரியதானால் கட்டத்தைப் பெரிதாக்காதீர்கள், புறப்பகுதிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். 500 மீட்டர் கட்டம் கொடுத்தால் மக்கள் மறுபடியும் அதிலுள்ள ஒரே ‘நல்ல’ இடத்துக்குத்தான் போவார்கள். கட்டங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னால் பழைய கதைதான். ஜோடி சேர்க்கும்போது அந்தப் பகுதியில் வாழ்பவர் ஒருவரும் அங்கே அதிகம் போகாதவர் ஒருவருமாகச் சேர்ப்பது நல்லது. வாழ்பவருக்கு எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியும். புதியவருக்கு, வாழ்பவரின் கண்ணில் படாமல் போனவை தெரியும்.

ஒவ்வொரு கட்டத்திலும் கட்டாயமாக எடுக்க வேண்டியவை என்று ஒரு சிறிய தொகுப்பு இருக்கட்டும். முக்கியமான தெரு ஒன்றை இரண்டு முனைகளிலிருந்தும் முழுநீளமாக. ஒரு தெருமுனை அல்லது சந்திப்பு. நேரெதிரே நின்று எடுத்த மூன்று கட்டட முகப்புகள், அவற்றில் ஒன்றாவது யாரும் திரும்பிப் பார்க்காத கட்டடமாக. கைக்கெட்டும் தூரத்து விவரங்கள் மூன்று நான்கு, அதாவது பெயர்ப்பலகை, படிக்கட்டு, கைப்பிடி, தரை. வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் ஆள். கட்டம் முழுவதும் தெரியும்படி உயரத்திலிருந்து ஒன்று, கிடைத்தால். பன்னிரண்டு படத்துக்குள் இது முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவரவர் விருப்பம். தூரம், நடு, அருகு என்ற மூன்று அளவும் ஒரே கட்டத்தில் கிடைப்பதுதான் இதன் பயன். விவரப் படத்தை மட்டும் எடுத்துவந்தால் அது எங்கே இருந்தது என்று தெரியாது, தூரப் படம் மட்டுமிருந்தால் எதையும் படிக்க முடியாது.

கருவியைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். முழுச் சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில் 28 முதல் 50 மி.மீ. வரையிலான லென்ஸ் போதும், ஃபோனின் முதன்மை கேமராவும் ஏறக்குறைய இந்த அகலத்தைத் தொடும். 35 மி.மீ. லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 8-ல் வைத்து ஐந்து மீட்டரில் ஃபோகஸ் செய்தால் இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை கண்ணுக்குக் கூர்மையாக இருக்கும். தெருவில் ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் தேட வேண்டியதில்லை. எஃப் 16-க்கு மேல் மூடினால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) முழுப் படமும் சற்றே மங்கும், பயன் எதுவுமில்லை. மிகவும் அகன்ற லென்ஸைத் தவிருங்கள். குறுகிய சந்து அதில் அகன்ற சாலையாகிவிடும், பின்னால் பார்ப்பவர் ஏமாறுவார்.

கட்டடங்களில் நடக்கும் பெரிய தவறு கேமராவை மேலே சாய்ப்பது. சாய்த்தவுடன் செங்குத்துக் கோடுகள் மேலே குவிந்து, கட்டடம் பின்னால் விழுவதுபோலத் தெரியும். கேமராவின் மட்டக்கோட்டைத் திரையில் போட்டுக்கொண்டு, முன்பின் சாய்வும் பூஜ்யத்தில் இருக்கும்படி பிடியுங்கள். உச்சி வெட்டுப்பட்டால் பின்னால் போங்கள். போக இடமில்லையென்றால் கேமராவை நெடுவாக்கில் திருப்பி, சாய்க்காமல் மட்டமாகவே எடுத்து, கீழே மிஞ்சும் சாலையைப் பிறகு வெட்டிவிடலாம். எதிர்க் கட்டடத்தின் முதல் மாடிக்குப் போக அனுமதி கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி, ஏனென்றால் எடுக்கும் கட்டடத்தின் பாதி உயரத்தில் நிற்கும்போது சாய்க்க வேண்டிய தேவையே வராது. எடிட்டிங்கில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நான்கு புறமும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் போகும், அதிகம் நிமிர்த்தினால் மேற்பகுதி இழுபட்டுத் தெளிவும் குறையும்.

வெளிச்சத்தில் பொன்னொளி நேரத்தையே, அதாவது சூரியன் உதித்த பிறகும் மறையும் முன்பும் உள்ள நேரத்தையே, நம்பியிருப்பதும் போட்டிப் பழக்கம்தான். கிழக்கு பார்த்த முகப்புக்குக் காலை, மேற்கு பார்த்ததற்கு மாலை என்பது மட்டும் அடிப்படை. செதுக்கு வேலை, செங்கல், தேய்ந்த எழுத்து போன்றவற்றுக்குச் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும் வெயில் வேண்டும். குறுகிய தெருக்களுக்கு மேகமூட்டமான நாளே சிறந்தது. நல்ல வெயிலில் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கருத்துவிடும். வெயிலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக), சரியான வெளிச்சத்தில் ஒன்றும் இரண்டு ஸ்டாப் குறைத்தும் கூட்டியும் ஒவ்வொன்றுமாக மூன்று படங்கள் எடுத்து இணையுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது. நண்பகல் வெளிச்சம் அசிங்கம் என்பார்கள். ஆனால் ஊர் வேலை செய்வது அப்போதுதான், அதைத் தவிர்த்தால் ஆளில்லாத ஊர்தான் பதிவாகும்.

கட்டங்களைத் தவிர, ஊருக்குள் பத்துப் பன்னிரண்டு நிலையான புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு படம் அதே இடத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தை ‘சந்திப்பின் வடகிழக்கு மூலை, கம்பத்திலிருந்து இரண்டு அடி மேற்கே, கேமரா உயரம் 1.5 மீட்டர், 35 மி.மீ.’ என்ற அளவுக்கு எழுதி, அங்கிருந்து எடுத்த முதல் படத்தையே ஃபோனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டு நிற்க வேண்டும். பழைய படம் ஒன்று கிடைத்து, அது எடுக்கப்பட்ட இடத்தைத் தேடும்போதும் இதே வேலைதான், கொஞ்சம் கூடுதல் நுட்பத்தோடு. பழைய படத்தில் அருகிலுள்ள பொருளின் ஓரமும் தூரத்துப் பொருளின் ஓரமும் எங்கே ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பாருங்கள். அதே மறைப்பு கிடைக்கும்வரை இடவலமாக நகர்ந்தால் நிற்க வேண்டிய கோடு கிடைத்துவிடும். பிறகு அந்தக் கோட்டில் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதற்கு, அருகுப் பொருளின் உயரத்தைத் தூரப் பொருளின் உயரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் திரையில் இந்த விகிதம் பழைய படத்தைவிட அதிகமாக வந்தால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள், பின்வாங்குங்கள். லென்ஸ் எது என்று தெரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம். நிற்கும் இடம் சரியாயிருந்தால் பொருள்களின் ஒப்பளவு சரியாக வரும், லென்ஸ் எவ்வளவு வெட்டுகிறது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. சற்று அகலமாக எடுத்து வெட்டிக்கொள்ளலாம். நிழலும் பொருந்த வேண்டுமென்றால் ஆண்டில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. சூரியனின் பாதை ஜூன் 21-ஐச் சுற்றி இருபுறமும் சமமாக இருப்பதால் ஏப்ரல் 21-ன் நிழலும் ஆகஸ்ட் 21-ன் நிழலும் கிட்டத்தட்ட ஒன்றே. மரங்களின் இலை மட்டும் வேறாக இருக்கும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது படக்குறிப்பு. உறுப்பினர்கள் இதைத்தான் முதலில் கைவிடுவார்கள், பதிவுகள் வீணாவதும் இதனால்தான். குறிப்பில் ஐந்து விவரம் போதும்: என்ன, எங்கே நின்று, எந்தத் திசை நோக்கி, எப்போது, யார் எடுத்தது. ‘மாலை நேரத்து மௌனம்’ என்பது குறிப்பு அல்ல. ‘தையல் கடை, தபால் நிலையத்துக்கு எதிரே, தெற்கு நோக்கி’ என்பது குறிப்பு. ‘எதிரே’, ‘பக்கத்தில்’ என்று எழுதும்போது அந்த அடையாளக் கட்டடமும் ஒருநாள் போய்விடலாம் என்பதை நினைத்து, தெருப் பெயரும் கதவு எண்ணும் சேருங்கள். இட ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர், நான்கோடு நிறுத்தினால் பதினொரு மீட்டர். ஃபோனின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே அடுத்த தெருவையே காட்டிவிடக்கூடும். அதனால் வரைபடத்தில் கையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது கேமரா நின்ற இடத்தைக் குறிக்கிறது, எடுத்த பொருளின் இடத்தை அல்ல என்பதிலும் எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

நேரத்துக்கு எளிய வழி உண்டு. கேமராக் கடிகாரங்கள் மெல்ல மெல்லப் பிசகும், வெளிநாடு போய்வந்தவர் நேர மண்டலத்தை மாற்ற மறந்திருப்பார். ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் விநாடி காட்டும் ஃபோன் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். பின்னர் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து அன்றைய படங்கள் அனைத்தையும் மென்பொருளில் ஒரே தடவையில் திருத்தலாம். குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதும் குறிப்பில் தெருக்கள் இடம் மாறியிருக்கும். எழுதியதைத் தனித் தாளில் வைக்காமல், படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரப் புலங்களில் (மெட்டாடேட்டாவில்) பதியுங்கள். தாள் பிரிந்துபோகும், கோப்போடு சேர்ந்தது கோப்போடு போகும்.

எடிட்டிங்கில் வெளிச்சம், மாறுபாடு, நிறச்சமன், நிமிர்த்தல், வெட்டல் இவை சரி. மின்கம்பி, குப்பைத்தொட்டி, நிறுத்தியிருக்கும் வண்டி என்று கண்ணை உறுத்துபவற்றை அழிப்பதும், வேறு வானம் ஒட்டுவதும் இந்தத் திட்டத்தில் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு படத்தின் காலத்தை வருங்காலத்தவர் கணிப்பதே வண்டிகளையும் சுவரொட்டிகளையும் கம்பிகளையும் வைத்துத்தான். நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைத்து ஆள்களை மறையவைக்கும் வித்தையையும் இங்கே ஒதுக்கிவையுங்கள். கறுப்பு வெள்ளையா வண்ணமா என்பது ரசனை, ஆனால் சேமிப்புக்கு வண்ணக் கோப்பு இருந்தே ஆக வேண்டும். சுவர் என்ன நிறம் என்பதும் ஒரு தகவல்தானே.

ஆள்களைப் படமெடுப்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், ஏனென்றால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் எடுக்கவே சம்மதம் வேண்டும், சில இடங்களில் எடுக்கலாம், வெளியிடுவதில்தான் கட்டுப்பாடு. பொது இடத்தில் நிற்கும் புதுச் சிற்பம் அல்லது கட்டடத்தின் படத்தை வணிக நோக்கில் பயன்படுத்த வடிவமைத்தவரின் அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு. தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியல் தனி. உங்கள் நாட்டு விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு ஒரு பக்கமாக எழுதி எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். சட்டம் எதுவாயினும், கேட்டுவிட்டு எடுப்பதும், குழந்தைகள் என்றால் பெற்றோரைக் கேட்பதும், வேண்டாம் என்றால் அழிப்பதும், எடுத்த படத்தின் பிரிண்ட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வைத்துக்கொள்ள வேண்டிய முறைகள். பிரிண்ட் கொடுத்தவருக்கு இரண்டாம் தடவை கடையின் உள்ளறை வரை வழி திறக்கும்.

கோப்புகளின் கணக்கு பயப்படும்படி இருக்காது. இருபது பேர் மாதம் இருபது தேர்ந்த படம் கொடுத்தால் ஆண்டுக்கு 4,800 படங்கள். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஏறக்குறைய 30 எம்பி என்று வைத்தாலும் மொத்தம் 144 ஜிபிதான். ஆகவே மூன்று பிரதிகள் வைப்பதில் சிரமமில்லை: இரண்டு வேறுவகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். ஆண்டுக்கு ஒரு தடவை திறந்து பார்க்காத டிஸ்க்கைப் பிரதி என்று எண்ணாதீர்கள். கோப்புப் பெயர் ஆண்டு, மாதம், நாள், கட்ட எண், எடுத்தவர் எண், வரிசை எண் என்று அமைந்தால், ‘20260314-27-08-003’ போல, தானாகவே தேதி வரிசையில் நிற்கும். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது சுருக்கிவிடும், உள்ளே எழுதிய குறிப்பையும் நீக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பதிப்புரிமை எடுத்தவருடையதாகவே இருக்கட்டும், கிளப்பும் படங்களைச் சேமித்துவைக்கும் நூலகம் இருந்தால் அதுவும் காட்டவும் அச்சிடவும் உரிமம் தருவதாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தொடக்கத்தில் ஐந்து நிமிட வேலை. உறுப்பினர் ஊரைவிட்டுப் போனபின் அந்தக் கையெழுத்தைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

தேர்வுக் கூட்டத்தைத் திரை வைத்து நடத்தாதீர்கள். எல்லாவற்றையும் நாலுக்கு ஆறு அங்குல பிரிண்டாக எடுத்து, பெயர் தெரியாமல், பெரிய மேசையில் வரைபடத்தின் கட்டங்களைப் போலவே பரப்புங்கள். எந்தப் படம் சிறந்தது என்று கேட்க வேண்டாம், எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது, எதில் ஆளே இல்லை, எதில் எல்லாமே தூரப் படம் என்று கேளுங்கள். கண்காட்சிக்கு ஏ3 அளவில் அச்சிட, ஓர் அங்குலத்துக்கு 240 புள்ளி என்றால் 11 மெகாபிக்சல் போதும், ஆகவே ஃபோன் படங்களை ஒதுக்காதீர்கள். இருபது பேரின் படங்களையும் ஒரே ஆள், ஒரே திரையில், ஒரே தாளுக்காகத் தயார் செய்தால்தான் சுவரில் நிறம் ஒத்துப்போகும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வரட்டும். நடுவில் அந்தப் பெரிய வரைபடத்தையும் ஒரு பேனாவையும் வையுங்கள். பார்க்க வரும் ஊர்க்காரர்கள் குறிப்புகளில் உள்ள பிழைகளைத் திருத்துவார்கள், அந்த வீட்டில் முன்பு என்ன இருந்தது என்று எழுதிவைப்பார்கள். அதையும் பதிவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைவசம் உள்ள இரண்டு மாதப் படங்களைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த கூட்டத்தில் அவை ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட இடத்தில் வரைபடத்தின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். பாலத்தைச் சுற்றி மட்டும் கறுத்துப்போய், மற்ற இடம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த வெள்ளைக் கட்டங்களை முதலில் சீட்டுக் குலுக்குங்கள்.